தாட்சர் கணக்கும் என் வீட்டு வாடகையும்

பிரிட்டன் பிரதமரா இருந்த மார்கரெட் தாட்சரைப் பத்தி யாராவது சதவீதம் போட்டுப் பேச ஆரம்பிச்சா எனக்கு இப்பல்லாம் எரிச்சல் வந்துடுது. எந்த வருஷத்துல ஆரம்பிச்சு எந்த வருஷத்துல முடிக்கிறாங்கன்னு சொல்லவே மாட்டாங்க.

சொல்லவும் முடியாது. சொன்னா பாதி வாதம் அங்கயே படுத்துடும்.

போன வாரம் பொண்ணு பிறந்தநாள். (லண்டன் ஈஸ்ட் ஹாம்ல இருக்கோம், தெரியாதவங்களுக்கு.) பிரியாணி முடிஞ்சு, பசங்க பலூனை எல்லாம் உடைச்சு ஓஞ்சு, பெரியவங்க டீயோட உக்காந்த நேரம். ஒரு பக்கம் எங்க தெருமுனைக் கடைக்கார அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர். 83 கலவரத்துக்கு அப்புறம் இங்க வந்தவர். இன்னொரு பக்கம் என்கூட வேலை பாக்குற வெள்ளைக்காரர் ஒருத்தர். யார்க்‌ஷயர்ல பார்ன்ஸ்லி பக்கம் சொந்த ஊர், அப்பா நிலக்கரிச் சுரங்கத்துல இருந்தவர்.

இந்த ரெண்டு பேரையும் ஒரே சோபாவுல உக்கார வெச்சது யாருன்னு என் மனைவி இன்னும் விசாரிச்சுட்டு இருக்காங்க.

பேச்சு கரண்ட் பில்லுல ஆரம்பிச்சுது. பில்லுல இருந்து தனியார் கம்பெனி. அங்க இருந்து தாட்சர். அண்ணை சொன்னார், "தம்பி, அந்த மனுசி வந்திராட்டி இந்த நாடு எப்பவோ தாண்டு போயிருக்கும். குப்பை அள்ளவும் ஆளில்லாமல் கிடந்த நாடு."

நண்பர் டீ கப்பைக் கீழ வெச்சார். அந்தம்மா இறுதி ஊர்வலம் நடந்த அன்னைக்கு, 2013 ஏப்ரல்ல, அவங்க பக்கத்து ஊர் கோல்ட்தார்ப்ல கொடும்பாவி எரிச்சாங்களாம். "நானும் அங்கதான் நின்னேன்"னார்.

அப்புறம் ஒரு மணி நேரம் புள்ளிவிவரச் சண்டை. ரெண்டு பேரும் நம்பர் சொல்றாங்க. ரெண்டு பேர் நம்பரும் சரி!

எனக்குத் தூக்கம் வரல. மறுநாள் எக்செல்லைத் திறந்து வெச்சுக்கிட்டு அந்தம்மா ஆட்சிக்காலத்தை வருஷவாரியா போட்டுப் பாத்தேன். 1979 மே மாசம் வந்தாங்க, 1990 நவம்பர்ல போனாங்க. பதினோரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல.

முதல்ல பொருளாதார வளர்ச்சி. 1979-லிருந்து 1990 வரைக்கும் எடுத்தா சராசரியா வருஷத்துக்கு இரண்டரை சதவீதம் மாதிரி வருது. அதுக்கு முந்தின பத்து வருஷத்தோட ஒப்பிட்டா பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. சரி, 1981-ல ஆரம்பிச்சு 1989-ல முடிச்சா? மூணுக்கு மேல போயிடுது. ஆகா, அதிசயம்! ஏன்னா 1980, 81 ரெண்டும் கடுமையான மந்தம். பள்ளத்துல நின்னு அளந்தா எந்த மேடும் மலைதான்.

அடுத்தது விலைவாசி. அந்தம்மா வந்தப்ப பணவீக்கம் சுமார் 10 சதவீதம். 1980 மே மாசம் 21.9. ஒரு வருஷத்துல ரெண்டு மடங்கு. (இதுல அவங்க கைங்கரியமும் உண்டு. வந்த உடனே போட்ட பட்ஜெட்ல, நிதியமைச்சர் ஜெஃப்ரி ஹவ், 8 சதவீதமா இருந்த வாட் வரியை 15 ஆக்கினார். விலை ஏறாம என்ன பண்ணும்?) 1983-ல 4 சதவீதத்துக்குப் பக்கத்துல இறங்கிடுச்சு. இதைத்தான் ரசிகர்கள் சொல்வாங்க. சரி, போறப்ப எவ்வளவு? 1990 இலையுதிர்காலத்துல திரும்பவும் 10 சதவீதத்துக்கு மேல.

பத்துல வந்து பத்துல போனாங்க. நடுவுல 1983-ல மட்டும் நிறுத்திப் பாத்தா சாதனை. 1980-ல நிறுத்தினா பேரழிவு.

வேலையில்லாத் திண்டாட்டம் எப்படி? வந்தப்ப 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. 1984-ல கிட்டத்தட்ட 12. போறப்ப 7 மாதிரி. 1982 ஜனவரியில வேலையில்லாதவங்க எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டுச்சு. இத்தனைக்கும் 1979 தேர்தல்ல அவங்க கட்சி ஒட்டின போஸ்டரே வேலைக்கு நிக்கிற கியூவைக் காட்டி, அப்ப இருந்த லேபர் கட்சி ஆட்சி வேலை செய்யலன்னு நக்கலடிச்ச போஸ்டர்தான்.

இந்த இடத்துல ஒரு கிளைக்கதை சொல்லியே ஆகணும். 1981 மார்ச்ல, நாடே மந்தத்துல கிடக்குறப்ப, ஹவ் வரியை ஏத்தி ஒரு பட்ஜெட் போட்டார். உடனே 364 பொருளாதார நிபுணர்கள் சேர்ந்து 'டைம்ஸ்' பத்திரிகையில, இது உருப்படாதுன்னு கையெழுத்துப் போட்டு அறிக்கை விட்டாங்க. 364 பேர்! பாராளுமன்றத்துல எதிர்க்கட்சி, "உங்களை ஆதரிக்கிற நிபுணர் ரெண்டு பேர் பேரைச் சொல்லுங்க பாப்போம்"னு கேட்டுச்சாம். ஆலன் வால்டர்ஸ், பேட்ரிக் மின்ஃபோர்டுன்னு அந்தம்மா டக்குனு சொல்லிட்டாங்களாம். திரும்பி வந்ததும் ஒரு அதிகாரி, "நல்லவேளை மூணு பேர் கேக்கல"ன்னாராம். (கதைதான். ஆனா ரொம்ப காலமா சுத்துற கதை.)

வேடிக்கை என்னன்னா, பொருளாதாரம் அந்த வருஷமே மேல ஏற ஆரம்பிச்சிடுச்சு. அதனால ரசிகர்களுக்கு இன்னி வரைக்கும் 364-ன்னா சிரிப்பு. ஆனா வேலை தேடுறவங்க எண்ணிக்கை அதுக்கப்புறமும் 1986 வரைக்கும் ஏறிட்டேதான் இருந்துச்சு. நாட்டோட வளர்ச்சி விகிதத்தை வெச்சு யார் வீட்டு வாடகை கட்ட முடியும்?

எக்செல் கிராஃபை அண்ணைக்கிட்ட கொண்டுபோய் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாத்துட்டு, "இது உன்ர படம். நான் பாத்தது என்ர கண்ணால" அப்படின்னுட்டார். நண்பருக்கு போன்ல அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் மட்டும் வந்துச்சு. ஒத்துக்கிட்டாரா, ஆளை விடுன்னாரான்னு புரியல.

சரி, நம்பரை ஓரமா வெப்போம். என் அபிப்ராயத்தைச் சொல்றேன்.

அந்தம்மா வர்றதுக்கு முன்னாடி நாடு நல்லா இருந்துச்சுன்னு சொல்றவங்களை என்னால ஏத்துக்க முடியல. 1975-ல பணவீக்கம் 25 சதவீதத்தையே தாண்டுச்சு. 1976-ல லேபர் அரசாங்கம் ஐஎம்எஃப் வாசல்ல நின்னு 3.9 பில்லியன் டாலர் கடன் வாங்குச்சு. பிரிட்டன்! 78-79 குளிர்காலத்துல லாரி ஓட்டுறவங்க, குப்பை அள்ளுறவங்க, ஆஸ்பத்திரி ஊழியர்கள்னு வரிசையா ஸ்டிரைக். லிவர்பூல்ல குழி வெட்டுறவங்களே ஸ்டிரைக் பண்ணி, பொணங்களைப் புதைக்க முடியாம வெச்சிருந்தாங்க. உழைச்சு வர்ற வருமானத்துக்கு உச்ச வரி 83 சதவீதம். நூத்துல 83-ஐக் குடுத்துட்டு யார் கூடுதலா உழைப்பாங்க? அதை 60 ஆக்கினது சரிதான். 1988-ல 40 ஆக்கினது... அது வேற சண்டை, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.

(இன்னொண்ணு. அரசாங்கச் செலவைக் கட்டுப்படுத்தணும், நினைச்சபடி செலவு பண்ணி மந்தத்துல இருந்து வெளிய வர முடியாதுன்னு கட்சி மாநாட்டுல முதல்ல சொன்னது தாட்சர் இல்ல. 1976-ல லேபர் பிரதமர் காலகன். இதை நண்பர்கிட்ட சொன்னா அந்த டீ கப்பே உடையும்.)

அண்ணைக்கு அந்தம்மா மேல ஏன் இவ்வளவு பாசம்னும் எனக்குப் புரியுது. கிராந்தம்ங்கிற சின்ன ஊர்ல மளிகைக் கடைக்காரர் பொண்ணு. கடை மேல இருந்த வீட்டுலதான் வளர்ந்தாங்க. காலைல அஞ்சு மணிக்கு ஷட்டர் தூக்குறவருக்கு அதைவிடச் சொந்தம் யாரு?

ஆனா அண்ணைக்கிட்ட ஒண்ணு சொல்லிப் பாத்தேன். 1986-ல அந்தம்மா ஒரு மசோதா கொண்டுவந்தாங்க. ஞாயித்துக்கிழமை எல்லாக் கடையும், பெரிய சூப்பர்மார்க்கெட் உட்பட, இஷ்டத்துக்குத் திறந்துக்கலாம்னு. யூனியன்காரங்க ஒரு பக்கம், சர்ச்சுக்காரங்க ஒரு பக்கம் எதிர்த்தாங்க. அவங்க கட்சி எம்பிக்களே 70 பேருக்கு மேல எதிர்த்து ஓட்டுப் போட்டு, 14 ஓட்டு வித்தியாசத்துல மசோதா தோத்துடுச்சு. அவ்வளவு பெரிய பெரும்பான்மை வெச்சிருந்தும் தோத்தாங்க. அதுக்கப்புறம் 1994 வரைக்கும் பெரிய கடைங்க ஞாயித்துக்கிழமை சட்டப்படி கதவைத் திறக்க முடியல. பல ஊர்ல சின்னக் கடைங்களை மட்டும் யாரும் பெருசா கண்டுக்கல. 1994 சட்டமும் பெரிய கடைக்குத்தான் ஆறு மணி நேரக் கட்டுப்பாடு, சின்னக் கடைக்கு இல்லன்னு சொல்லுச்சு.

"அண்ணை, உங்க ஞாயித்துக்கிழமை வியாபாரத்தைக் காப்பாத்துனது தாட்சரைத் தோக்கடிச்சவங்க"ன்னேன்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "அது கிடக்கட்டும், பிளேன்டீ குடிக்கிறியோ?"ன்னார்.

(1985-ல, தமிழர்கள் வர்றதைத் தடுக்கத்தான் இலங்கைக்காரங்களுக்கு விசா கட்டாயம்னு அந்தம்மா அரசாங்கம் கொண்டுவந்துச்சு. காமன்வெல்த் நாடுகள்லயே முதல் தடவை. அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. பிளேன்டீ நல்லா இருந்ததால விட்டுட்டேன்.)

இப்ப சுரங்கம். நண்பரோட பக்கம்.

1984 மார்ச்ல ஸ்டிரைக் ஆரம்பிச்சது அவங்க ஊர்ப்பக்கம் கார்ட்டன்வுட் சுரங்கத்தை மூடுறதா சொன்னதுல இருந்துதான். 20 சுரங்கம், 20,000 வேலைன்னு நிலக்கரி வாரியம் சொல்லுச்சு. யூனியன் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில், "பொய், அதுக்கு மேல மூடப் போறாங்க"ன்னார். 30 வருஷம் கழிச்சு வெளிய வந்த அமைச்சரவைக் காகிதத்துல 75 சுரங்கம்னு இருந்துச்சு. ஸ்கார்கில் சொன்னது நிஜம். ஆனா அதே ஸ்கார்கில் நாடு முழுக்க வாக்கெடுப்பு நடத்தாமலே ஸ்டிரைக்குப் போனார். நாட்டிங்ஹாம்ஷயர்காரங்க வேலைக்குப் போனாங்க, அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு நின்னுச்சு. அந்தம்மா அரசாங்கம் முன்கூட்டியே மின்நிலையங்கள்ல நிலக்கரியை மலையா குவிச்சு வெச்சிருந்துச்சு. ஒரு வருஷம் பட்டினி கிடந்துட்டு 1985 மார்ச்ல பேண்டு வாத்தியத்தோட வேலைக்குத் திரும்பினாங்க. நண்பருக்கு அப்ப ஒம்பது வயசு. பெண்கள் நடத்தின சூப் கிச்சன்ல சாப்பிட்டது இன்னும் வாய்ல இருக்குன்னார்.

ரசிகர்கள் இங்க ஒரு துருப்புச் சீட்டை எடுப்பாங்க. "அந்தம்மாவை விட லேபர் பிரதமர் வில்சன்தான் அதிகமா சுரங்கம் மூடினார்." உண்மைதான். ஆனா 60-கள்ல ஒரு சுரங்கத்தை மூடினா அடுத்த சுரங்கம் இருந்துச்சு, பக்கத்துல ஒரு தொழிற்சாலை இருந்துச்சு. 80-கள்ல இரும்பாலையும் ஆளைக் குறைக்குது, ஃபேக்டரியும் மூடுது, சுரங்கமும் மூடுது. வேலை போன ஆம்பளைங்களைப் பலரை நோயாளிப் பட்டியல்ல சேத்து உதவித்தொகை குடுத்தாங்க. அந்தப் பட்டியல்ல இருந்தவங்க எண்ணிக்கை 90-களோட நடுவுக்குள்ள ரெண்டு மடங்குக்கு மேல ஆயிடுச்சு. வேலையில்லாதவங்க கணக்குல வர மாட்டாங்க பாருங்க. என் கிராஃப்ல அந்த 7 சதவீதத்தைப் பாக்குறப்பல்லாம் இவங்க ஞாபகம் வருது.

நிலக்கரி எப்படியும் போயிருக்கும். 2015-ல கடைசி ஆழ்சுரங்கம் கெல்லிங்லி மூடுச்சு. 2024 செப்டம்பர்ல கடைசி நிலக்கரி மின்நிலையமும் அணைஞ்சுது. யாரும் அழல. போனது குத்தமில்ல. போற ஊருக்கு ஒண்ணுமே பண்ணாம விட்டதுதான் குத்தம். அதுவும் கையில காசு இல்லாத நேரமா? இல்லவே இல்ல. வடகடல் எண்ணெய் பீச்சி அடிச்ச காலம் அது. 84-85-ல மட்டும் எண்ணெய் வரி வருமானம் 12 பில்லியன் பவுண்ட் மாதிரி. அந்தப் பணம் வேலையில்லாதவங்க உதவித்தொகைக்கும் வரிக் குறைப்புக்கும் போச்சு. விதைநெல்லைக் குத்திச் சோறாக்கின மாதிரி. அதே கடல்ல அந்தப் பக்கம் எண்ணெய் எடுத்த நார்வே, 1990-ல சட்டம் போட்டு நிதியம் ஆரம்பிச்சு, இன்னைக்கு டிரில்லியன் டாலருக்கு மேல வெச்சிருக்கு. (நார்வே மக்கள்தொகை சென்னை அளவு கூட இல்ல, அங்க சுலபம்னு சொல்லுவீங்க. ஒத்துக்கிறேன். ஆனா இங்க ஒரு பைசா கூடவா எடுத்து வெச்சிருக்கக் கூடாது?)

தனியார்மயத்தைச் சீக்கிரமா முடிச்சுடுறேன். 1984-ல டெலிகாம், 86-ல கேஸ், 87-ல பிரிட்டிஷ் ஏர்வேஸ். டெலிபோன் கனெக்‌ஷனுக்கு மாசக்கணக்குல காத்திருந்த நாடு இது, அதை வித்தது தப்பே இல்ல. விமானக் கம்பெனி நடத்துறது அரசாங்கத்தோட வேலையும் இல்ல. ரயிலை வித்ததுக்கும் பலபேர் அந்தம்மாவைத் திட்டுவாங்க. அது அடுத்து வந்த பிரதமர் ஜான் மேஜர், ஆள் மாறிடுச்சு. ஆனா 1989-ல தண்ணியை வித்தாங்களே, அது அந்தம்மாதான். 5 பில்லியன் பவுண்ட் கடனை அரசாங்கமே தள்ளுபடி பண்ணி, கடன் இல்லாம கம்பெனிங்க கையில குடுத்துச்சு. இப்ப அவங்க கடன் 60 பில்லியனைத் தாண்டிடுச்சு. ஆத்துல சாக்கடை, பங்குதாரர்களுக்கு லாபம். எங்க வீட்டுக்கு வேற தண்ணி கம்பெனிக்கு மாறலாம்னா மாறவும் முடியாது. போட்டியே இல்லாத இடத்துல என்ன சந்தை?

இப்ப வர்றேன் விஷயத்துக்கு. இவ்வளவு நேரம் சுத்தினது இதுக்குத்தான்.

நான் இருக்கிறது ஒரு பழைய கவுன்சில் ஃபிளாட். கவுன்சில்காரங்க (உள்ளூர் நிர்வாகம்) கட்டினது, ஆனா என் வீட்டு ஓனர் ஒரு தனி ஆள். பக்கத்து வீட்டு பாட்டி இன்னும் கவுன்சிலுக்கே வாடகை கட்டுறாங்க. அதே சுவர், அதே லிஃப்ட் (அதே ரிப்பேர்), அதே ஈரம். நான் கட்டுறதுல பாதி கூட அவங்க கட்டல. இதை நான் தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்குப் பாட்டி எனக்கு பிஸ்கட் குடுத்தாங்க. பாவம்னு நினைச்சிருப்பாங்க.

இது எப்படி ஆச்சு? 1980 வீட்டுவசதிச் சட்டம். கவுன்சில் வீட்டுல குடியிருக்கிறவங்க அதையே வாங்கிக்கலாம். எத்தனை வருஷம் குடியிருந்தாங்களோ அதைப் பொறுத்து 33-லிருந்து 50 சதவீதம் வரைக்கும் தள்ளுபடி. அப்புறம் ஃபிளாட்டுக்கு 70 சதவீதம் வரைக்கும் போச்சு. அந்தம்மா காலத்துலயே 10 லட்சத்துக்கு மேல வீடு வித்துப்போச்சு. வாங்கினவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். வாழ்நாள் முழுக்க வாடகை கட்டின பஸ் டிரைவர், சொந்த வீட்டுக் கதவுக்குத் தன் இஷ்டத்துக்கு பெயின்ட் அடிச்சார். அந்தச் சந்தோஷம் நிஜம். அந்தம்மா செஞ்சதுலயே மக்கள் அதிகம் விரும்பினது இதுதான்.

ஆனா வித்த காசை வெச்சு புது வீடு கட்டுங்கன்னு கவுன்சிலை விட்டாங்களா? விடல. அதுல பெரும்பகுதியைத் தொடவே விடாம கட்டுப்பாடு. 1979-ல கவுன்சில்கள் வருஷத்துக்கு 80,000 வீட்டுக்கு மேல கட்டினாங்க. 1990-ல 20,000-க்கும் கீழ. 90-களோட கடைசில நூத்துக்கணக்குல. இதோட 1988-ல இன்னொரு சட்டம் வந்துச்சு. புது வாடகைக்கு உச்சவரம்பு கிடையாது, காரணமே சொல்லாம காலி பண்ணச் சொல்லலாம். காரணம் சொல்லாம காலி பண்ண வைக்கிறதை ஒழிக்கச் சட்டம் வர்றதுக்கு 2025 ஆயிடுச்சு.

முதல் ஆள் வாங்கினார். வித்தார், இல்ல செத்தார். அடுத்த ஆள் வாங்கி வாடகைக்கு விட்டார். லண்டன்ல அப்படி வித்த வீடுகள்ல பத்துக்கு நாலு இன்னைக்குத் தனியார் வாடகையில இருக்கு. வீடில்லாத குடும்பங்களைத் தங்க வைக்க, தான் கட்டி வித்த அதே ஃபிளாட்டை கவுன்சிலே வாடகைக்கு எடுக்குற கூத்தும் நடக்குது. வாடகை கட்ட முடியாதவங்களுக்கு அரசாங்கம் தர்ற உதவித்தொகை நேரா ஓனர் பாக்கெட்டுக்குப் போகுது. அரசாங்கச் செலவைக் குறைக்க வந்தவங்க சட்டம் இது!

வித்ததோட நிறுத்தாம கட்டுறதையும் நிறுத்தினதுதான் பாவம். அந்தப் பாவத்துல பங்கு அந்தம்மாவுக்கு மட்டும் இல்ல. பின்னாடி வந்த லேபர், 13 வருஷம் ஆட்சியில இருந்துட்டு, கட்டச் சொன்னா காதுல விழாத மாதிரி இருந்துச்சு. தன்னோட பெரிய சாதனையே அந்த லேபரோட பிரதமர் டோனி பிளேர்தான்னு அந்தம்மா சொன்னதா சொல்வாங்க. சொன்னாங்களோ இல்லையோ, என் வாடகை ரசீதைப் பாத்தா நம்பத் தோணுது.

அதனால என் தீர்ப்பு: யூனியன் விஷயத்துல பாதி சரி, வரியில ஆரம்பம் சரி, சுரங்கத்துல மூடினது இல்ல, கைவிட்டதுதான் தப்பு, எண்ணெய்ல ஊதாரித்தனம், தண்ணியில முழுத் தப்பு. வீட்டுலதான் மன்னிக்கவே முடியல. சுரங்கம் மூடின வலி அந்த ஊர்களோட நின்னுச்சு. வீட்டு வலி அவங்களுக்கு ஓட்டே போடாத, அப்ப பிறக்கவே பிறக்காத ஆளுங்க மாசாமாசம் கட்டிட்டு இருக்காங்க.

ஸ்காட்லாந்து 2016-லயும் வேல்ஸ் 2019-லயும் இந்த விற்பனையையே நிறுத்திடுச்சு. இங்கிலாந்து 2024 கடைசியிலதான் தள்ளுபடியைப் பெருசா வெட்டி, லண்டன்ல பெரும்பாலான இடங்கள்ல அதிகபட்சம் 16,000 பவுண்ட்னு குறைச்சு, வித்த காசு முழுக்க கவுன்சில்கிட்டயே இருக்கட்டும்னு விட்டுச்சு. 1980-லயே அந்தக் கடைசி வரியை மட்டும் சேத்திருந்தா, இந்தப் பதிவுல பாதி தேவைப்பட்டிருக்காது.